நான்காவது அடிக்குறிப்பு

ஜூன் 4, ஞாயிறு

இன்று அம்மா வீட்டில் நடந்த கூத்தை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

தம்பி லிங்கத்துக்குப் பெண் பேசுகிறார்கள். பேசுவதென்ன, அவனே பார்த்து வைத்திருக்கிற பெண். கௌசிகா என்று பெயர். அவன் வேலை பார்க்கும் கூட்டுறவு வங்கியிலேயே காசாளர். நம்ம ஆட்கள்தான், ஜாதகமும் பொருந்திவிட்டது. ஒரு குறையும் சொல்ல வழியில்லையே என்று அம்மா வருத்தத்தோடு ஒத்துக்கொண்டிருந்தாள். பெண்ணுக்கு அப்பா இல்லை. அம்மா சந்திரமதி நைட்டி தைத்துக் கொடுத்து வளர்த்திருக்கிறார்.

அம்மாவின் அண்ணன் ஆவுடையப்பன் மாமா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார். "பொண்ணோட அம்மா பேரயும் பழைய ஊரையும் போட்டுத் தேடினேன். கேளுங்க" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"1996 மே 12 அன்று செங்குறிச்சி அணையில் படகு கவிழ்ந்து பதினோரு பேர் இறந்தனர். அளவுக்கு மீறி டிக்கெட் கொடுத்து விபத்துக்குக் காரணமான பெண் ஊழியர் ப. சந்திரமதி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்."

லிங்கம் எழுந்து நின்றான். அம்மா அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "ஏளா மங்கை, இது நீ எழுதுத கலைக்களஞ்சியம்லா. இதுல போட்டிருக்கது நெசமா?"

நான் ஆறு வருடமாக அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் தன்னார்வலர். யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். ஆனால் எழுதும் வரிக்கு எங்கிருந்து எடுத்தோம் என்று அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். காட்டிய பக்கம் நாளாவட்டத்தில் காணாமல் போய்விடும். அதைத் தேடிப்பிடித்து மறுபடி ஒட்டவைப்பது என் வேலை. சம்பளம் கிடையாது. கல்லூரித் தேர்வுப் பிரிவில் குமாஸ்தா வேலை பார்த்த நேரம் போக இதில் உட்கார்ந்திருப்பதை வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். ஆதாரம் இல்லாமல் ஒரு வரி போடமாட்டோம் என்று நானும் பெருமையடித்துக்கொள்வேன்.

"கடைசில சின்னதா நம்பர் போட்டிருக்கா மாமா?" என்று கேட்டேன்.

"நாலுன்னு போட்டிருக்கு."

"அப்ப அடிக்குறிப்பு இருக்கு. இருந்தா நெசந்தான்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அம்மா, "பதினோரு உசுரு. அந்தப் பாவம் நம்ம வாசப்படி ஏறணுமா" என்று சொல்லிவிட்டு வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தாள். பேச்சு முடிந்தது.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஆபீஸ் பகவதியின் தங்கையை நான் மனதில் வைத்திருந்தது வேறு விஷயம்.

ஜூன் 5, திங்கள்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்த நான்காவது அடிக்குறிப்பைத் திறந்தேன். சும்மாதான். ஒரு நாளிதழின் பெயர், "அன்றைய செய்தி" என்ற பகுதி. தொட்டால், பக்கம் கிடைக்கவில்லை என்று வருகிறது. அந்த நாளிதழ் தன் இணையதளத்தைப் புதுப்பித்தபோது பழைய பக்கங்களை எல்லாம் கொட்டிக் கவிழ்த்துவிட்டது. செத்த இணைப்பு.

எத்தனை வருடமாகச் செத்துக் கிடக்கிறதோ தெரியவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்தவர்களில் ஒருவராவது தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒருவர்கூடத் தொடவில்லை. எண்ணைப் பார்த்ததும் நம்பிக்கை வந்துவிடுகிறது. என்ன ஜனங்களோ.

ஜூன் 6, செவ்வாய்

ரேஷன் கடையில் துவரம்பருப்பு இல்லை. பாமாயில் மட்டும் வாங்கிக்கொண்டு போங்கள் என்கிறான். சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் 8, வியாழன்

லிங்கம் வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"எக்கா, நீ சொன்ன ஒத்த வார்த்தைல எல்லாம் முடிஞ்சு போச்சு, தெரியுமா?"

"நான் என்னலே சொன்னேன்? அடிக்குறிப்பு இருந்தா நெசம்னேன். பொதுவா சொன்னது."

"அதத் தொறந்து பாத்தியா?"

காபி போடப் போனேன். திரும்பி வந்ததும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். "கௌசி அம்மா மேல ஒரு தப்பும் இல்லன்னு அப்பவே விசாரணைல சொல்லிட்டாவளாம். கௌசி சொல்லுதா."

"அவ சொன்னா ஆச்சா? சம்பந்தப்பட்டவங்க சொல்லுறது சான்று ஆகாது."

"வீட்டுல பேசும்போதும் இதே பாஷதானா ஒனக்கு?" என்றான். "வர்ற ஆனிக்குள்ள கல்யாணம் வைக்கலாம்னு பேசிட்டு இருந்தோம். இப்ப அவ என்கிட்டயே பேசமாட்டேங்கா. எங்கம்மாவக் கொலகாரின்னு நெனைக்கிற வீட்டுக்கு எப்படி வருவேன்னு கேக்கா. நான் என்னக்கா பதில் சொல்ல?"

காபியைக் குடிக்காமலே போய்விட்டான். நான்தான் குடித்தேன்.

என் வீட்டுக்காரர் நயினார் கடையை அடைத்துவிட்டு வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். "ஒன்ன நம்பித்தானே கேட்டாவ. பாக்காமயா சொன்ன?" என்றார். இவரிடம் போய்ச் சொன்னேன் பாருங்கள்.

ஜூன் 10, சனி

நாளிதழ் பக்கத்தை அழித்தாலும், உலகத்தில் உள்ள இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் காப்பகம் ஒன்று இருக்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் குலதெய்வம். பழைய முகவரியைக் கொடுத்தேன், இல்லை என்றது. நாளிதழ் நடுவில் ஒருமுறை முகவரி மாற்றியது நினைவுக்கு வந்தது. அந்த வடிவத்தில் மாற்றி எழுதிப் பார்த்தேன். இட்லிமாவு பொங்கி மேடையில் வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பக்கம் வந்துவிட்டது.

நீளமான கட்டுரை. படகுக் குத்தகை, மக்கள் கூட்டம், மீட்பு எல்லாம் இருந்தது. கடைசிப் பத்தியில், "அளவுக்கு மீறி டிக்கெட் கொடுத்ததாக முதலில் புகார் எழுந்ததால் தினக்கூலி ஊழியர் சந்திரமதி பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஆனால்"

அத்தோடு முடிந்துவிட்டது. கீழே "அடுத்த பக்கம்" என்று இருக்கிறது. அந்த அடுத்த பக்கத்தைக் காப்பகம் எடுத்து வைக்கவில்லை. எப்படித் தட்டினாலும் வரவில்லை.

ஆனால் என்ன? ஒரு மனுஷிமேல் குற்றம் சொல்லிவிட்டு "ஆனால்" என்று ஒருவன் எழுதினால், அதற்கடுத்து என்ன எழுதியிருப்பான் என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதைப் படித்துவிட்டு ஒரு புண்ணியவான் "ஆனால்" வரைக்கும் எடுத்துக்கொண்டு, "புகார் எழுந்ததால்" என்பதையும் உருவிவிட்டு, "விபத்துக்குக் காரணமான" என்று சொந்தமாகச் சேர்த்திருக்கிறான். கை எப்படி வந்ததோ.

கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் யார் எப்போது எதை எழுதினார்கள் என்று இருக்கும். போய்ப் பார்த்தேன். 2014-இல் சேர்த்தது. பெயர் கூட இல்லை, கணினியின் எண் மட்டும். அந்த எண்ணிலிருந்து அதற்கு முன்னும் பின்னும் வேறொன்றும் எழுதப்படவில்லை. வந்தான், ஒரு வரி எழுதினான், டீ குடிக்கப் போய்விட்டான். இங்கே ஒரு கல்யாணம் நின்றுபோய்விட்டது.

ஜூன் 11, ஞாயிறு

காலையில் அந்த வரியை எடுத்துவிட்டேன். உயிரோடு இருப்பவர்மேல் பழி சொல்லும் செய்திக்கு ஆதாரம் இல்லாவிட்டால் உடனே நீக்கலாம் என்பது எங்கள் விதி.

பதினொரு மணிக்கு வரி திரும்ப வந்துவிட்டது. "நெடுவழி" என்ற பெயரில் எழுதும் ஒருவர் திரும்ப வைத்திருக்கிறார். சும்மா இல்லை. செத்த அடிக்குறிப்பை எடுத்துவிட்டு உயிருள்ள மூன்று இணைப்புகளைக் கொடுத்திருக்கிறார். ஒரு செய்தித் தளத்தின் நினைவலைப் பகுதி, ஒரு சுற்றுலாத் தளம், "தமிழகத்தை உலுக்கிய விபத்துகள்" என்று ஒரு வலைப்பக்கம். மூன்றிலும் அந்த வரி இருக்கிறது.

திருத்துகிறவர்கள் விவாதிப்பதற்கென்று இருக்கும் பேச்சுப் பக்கத்தில், காப்பகத்தில் கண்டதைச் சொல்லிக் கேட்டேன். அவர் எழுதியது இது: "மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒரே தகவலைத் தருகின்றன. தாங்கள் சொல்வதற்குப் பாதி வாக்கியம்தான் சான்று. மன்னிக்கவும்."

மன்னிக்கவுமாம். பொய்க்கு மூன்று இணைப்பு உயிரோடு இருக்கிறது. உண்மை ஒரே ஒரு இடத்தில் இருந்தது, அதையும் நாளிதழ்க்காரன் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டான். இதுவா நியாயம்?

கீழே இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார். "தாங்கள் இத்தனை அவசரப்படுவதால் கேட்கிறேன். குறிப்பிடப்படும் நபருக்கும் தங்களுக்கும் தொடர்பு உண்டா?"

இல்லை என்று எழுதினேன். உண்மைதானே. பெண் பார்க்கக்கூட நாங்கள் போகவில்லை. என்ன தொடர்பு?

ஜூன் 12, திங்கள்

பகவதி தன் தங்கை போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். நன்றாகத்தான் இருக்கிறாள். வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 14, புதன்

மூன்று இணைப்புகளையும் வரிவரியாகப் படித்தேன். சுற்றுலாத் தளம் 2017. வலைப்பக்கம் 2019. செய்தித் தளம் 2021. மூன்றும் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரில்லாதவன் எழுதிய பிறகு வந்தவை. வார்த்தைக்கு வார்த்தை ஒன்று. மூன்று பேரும் எங்களைப் பார்த்து எழுதிவிட்டு, இப்போது அவர்களையே நாங்கள் ஆதாரம் என்று காட்டுகிறோம்.

இதை முதலில் சந்தேகமாகத்தான் நினைத்தேன், செய்தித் தளத்தின் நினைவலையைப் பார்க்கும் வரைக்கும். அதில் அந்த வாக்கியத்தின் முடிவில் "பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.[4]" என்று இருக்கிறது. அவர்கள் கட்டுரையில் அடிக்குறிப்பே கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்றும் கிடையாது. எங்கள் நாலாம் எண்ணை அப்படியே வழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திருடின சட்டையைச் சலவைக்கடைச் சீட்டோடு போட்டுக்கொண்டு வருகிற மாதிரி.

எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

படம் பிடித்துப் பேச்சுப் பக்கத்தில் போட்டேன். நெடுவழிக்கு அதற்கு மறுப்பு இல்லை. "ஏற்றுக்கொள்கிறேன். மூன்றையும் நீக்கிவிட்டேன். 'சான்று தேவை' என்று குறித்திருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

குறித்திருக்கிறாராம். வரி அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னக் குறி. மாமா போனில் அந்தக் குறி கண்ணுக்குத் தெரியுமா?

ஜூன் 17, சனி

லீவு போட்டுவிட்டு நூலகத்துக்குப் போனேன். பழைய நாளிதழ்களைக் கட்டுக்கட்டாகப் பைண்டு செய்து வைத்திருக்கிறார்கள். 1996-ஐக் கேட்டதும் நூலகத்து அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எதுக்கு, நெலத் தகராறா?" என்றார். கல்யாணத் தகராறு என்று சொன்னேன். ஒன்றும் கேட்காமல் சாவியை எடுத்தார்.

மே 13-ஆம் தேதிப் பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க விபத்துதான். சந்திரமதியின் போட்டோவையே போட்டிருக்கிறார்கள். புடவைத் தலைப்பை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வயிற்றை மறைக்கிறார் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. கௌசிகாவுக்கு வருகிற ஆகஸ்டில் இருபத்தேழு முடிகிறது என்று லிங்கம் சொல்லியிருக்கிறான். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை நிற்க வைத்து இப்படிப் போட்டோ பிடித்தவன் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அப்புறம் ஒவ்வொரு மாதமாகப் புரட்டினேன். தூசியில் தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. செப்டம்பரில் கிடைத்தது. எட்டாம் பக்கம், உர விளம்பரத்துக்குக் கீழே. கோட்டாட்சியர் விசாரணை முடிந்தது. கொடுத்த டிக்கெட்டுகள் அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தன. அளவு வந்ததும் சந்திரமதி கவுண்டரை மூடிவிட்டார். குத்தகைதாரரின் ஆட்கள் படகை அக்கரைக்குக் கொண்டுபோய் டிக்கெட் இல்லாமல் ஆள் ஏற்றியிருக்கிறார்கள். சந்திரமதி மீது தவறில்லை.

குற்றம் சாட்டியபோது முதல் பக்கம், இல்லை என்றானபோது உரமூட்டைக்குக் கீழே. அப்போதே இந்த லட்சணம்.

நகல் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கரும்புச்சாறு குடித்தேன். லிங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று நினைத்து, முதலில் பக்கத்தைத் திருத்துவோம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 18, ஞாயிறு

திருத்தினேன். நாளிதழ், தேதி, பக்கம் எல்லாம் கொடுத்தேன்.

நெடுவழி: "இச்சான்று இணையத்தில் இல்லை. எப்படிச் சரிபார்ப்பது?"

நான் எழுதினேன்: "நூலகத்துக்கு நடந்துபோய்ச் சரிபார்ப்பது. அச்சில் வந்தது சான்று ஆகாது என்று எந்த விதியில் இருக்கிறது? இணையத்தில் இருந்த மூன்றைத்தான் பார்த்தோமே." இன்னும் நாலு வார்த்தை எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் நின்று படித்துவிட்டு, "கடைசி வரிய எடுத்துரு" என்றார். எடுத்துவிட்டேன். நல்ல வரி.

ஜூன் 24, சனி

நெடுவழி சென்னையில் இருக்கிறாராம். அங்கே ஒரு நூலகத்தில் அதே பத்திரிகையைத் தேடிப்பிடித்துப் படித்திருக்கிறார். "சரிபார்த்தேன். தாங்கள் எழுதியது முழுக்கச் சரி. மே மாத முதல் பக்கத்தையும் பார்த்தேன். வருத்தமாக இருந்தது" என்று எழுதியிருக்கிறார்.

இந்த ஆளைத் திட்டுவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போனது.

இப்போது பக்கத்தில் இருப்பது: "முதலில் பணியிடை நீக்கம் செய்யப்பட்ட டிக்கெட் ஊழியர் சந்திரமதி மீது தவறில்லை என விசாரணையில் கண்டறியப்பட்டது."

ஜூன் 25, ஞாயிறு

அம்மா வீட்டுக்குப் போனேன். மாமாவையும் வரச் சொல்லியிருந்தேன். போனை அவர் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். லிங்கம் மூலையில் நின்றுகொண்டு அம்மா முகத்தையே பார்த்தான்.

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இதுல யாரு மாத்துனான்னு பாக்கலாமாம்லா. பக்கத்து வீட்டுப் பையன் காட்டித் தந்தான்" என்று ஒரு தட்டுத் தட்டினார். "இந்தா. மங்கை நயினார்னு போட்டிருக்கு. அது நீதானே?"

"நான்தான்."

"நீயே எழுதிட்டு நீயே வந்து வாசிச்சுக் காட்டுத."

அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தம்பிக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்ட மகளைப் பார்க்கிற பார்வை. நூலகத்து நகலை எடுத்து நீட்டினேன். மாமா வாங்கவில்லை. "பழைய பேப்பர யாரு பாக்கா? முன்னால போட்டிருந்தது ஊருக்கே தெரியும். யாரு வேணாலும் மாத்தலாம்னா அதுல என்னத்த நம்பச் சொல்லுத?"

"மூணு வாரத்துக்கு முன்னால நீங்களே நம்பி வாசிச்சீகளே மாமா. அப்ப யாரு எழுதினான்னு தட்டிப் பாத்தீகளா?"

"ஏளா, மாமாவ எதுத்துப் பேசாத" என்றாள் அம்மா.

"எதுத்துப் பேசல. கேக்கேன். பேரே இல்லாதவன் எழுதுனத நம்புவிய. பேரு போட்டு, நூலகத்துல போயி தும்மிக்கிட்டு உக்காந்து தேடி, பெத்த மக எழுதினா நம்பமாட்டிய. அப்படித்தானே?"

"நீதான அன்னைக்குச் சொன்ன, நெசம்னு" என்றாள் அம்மா. "அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா?"

நகலைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து பீரோவில் இருந்த துணியை எல்லாம் எடுத்துப்போட்டு மடித்தேன்.

ஜூன் 28, புதன்

யாரிடமும் சொல்லாமல் சந்திரமதி வீட்டுக்குப் போனேன். பேட்டையில் ஒரு காம்பவுண்டுக்குள் ரெண்டு அறை வீடு. தையல் மிஷினில் இருந்து எழுந்து வந்தார். லிங்கத்தின் அக்கா என்றதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். போட்டோவில் பார்த்த அதே கை.

நகலைக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தை எப்படித் தேடினேன், எப்படித் திருத்தினேன் என்று எல்லாம் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். முழுதும் கேட்டுக்கொண்டார். நகலைப் படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார்.

"இவ்வளவு அலைஞ்சிருக்கீக. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. நானே சொல்லிருப்பேன்" என்றார்.

சம்பந்தப்பட்டவர் சொன்னால் சான்று ஆகாது என்று விளக்க வாயெடுத்தேன். நல்லவேளை, அவரே பேசினார்.

"விசாரணைல தப்பில்லன்னுதான் விட்டாவ. வேலைக்கு வான்னும் சொன்னாவ. நான்தான் போகல. அந்தத் தண்ணியப் பாத்துட்டு எப்படி உக்காந்திருக்க? கைப்பிள்ளையோட இங்க வந்துட்டேன். யாரும் கேட்டதில்ல. வாடகைக்கு வீடு கேட்டா என்ன சாதின்னு கேப்பாவ, பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேப்பாவ. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு இருவத்தேழு வருசத்துல ஒருத்தரும் கேட்டதில்ல. எல்லாரும் படிச்சுத் தெரிஞ்சுக்கிடுதாவ."

அப்புறம் அவர் சொன்னார். கவுண்டரைச் சாத்தியது, ஜனங்கள் பலகையைத் தட்டியது, அக்கரையில் ஆள் ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கரையோரம் ஓடிப்போய்க் கத்தியது, காற்று எதிர்த்து அடித்ததில் ஒருவருக்கும் கேட்காமல் போனது. இதெல்லாம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. பக்கத்தில் சேர்க்க வழியே கிடையாது. நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது, "லிங்கம் நல்ல பிள்ள. கௌசிய நான் தடுக்க மாட்டேன். ஒங்க அம்மாவத்தான் நெனைச்சுப் பயமா இருக்கு" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில், சில்லறை இல்லை, இறங்கும்போது தருகிறேன் என்ற கண்டக்டர் தரவே இல்லை. கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் கர்ச்சீப் கொடுத்தாள்.

ஜூலை 3, திங்கள்

மூன்று தளங்களுக்கும் திருத்தச் சொல்லி எழுதியிருந்தேன். ஒன்றிடமிருந்து மட்டும் பதில்: "தங்கள் கருத்துக்கு நன்றி." செய்தித் தளத்தில் அந்த நாலாம் எண்ணை மட்டும் எடுத்துவிட்டார்கள். வரி இருக்கிறது.

ஜூலை 6, வியாழன்

அம்மா போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் என்றால் அவள் வரமாட்டாள். லிங்கமும் தெளிவாகச் சொல்லிவிட்டான், வேறு பெண் இல்லை என்று. நான் அவள் வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து கௌசிகா அவனிடம் மறுபடி பேசுகிறாளாம். ஆடி பிறப்பதற்குள் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்கிறார்களாம். "நீ வருவியாக்கா?" என்றான். என்ன கேள்வி இது.

பகவதியிடம் சொல்லிவிட்டேன், தம்பிக்கு முடிந்துவிட்டது என்று.

ஜூலை 9, ஞாயிறு

பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: "ஜூன் 11 அன்று நெடுவழி கேட்டதற்குத் தொடர்பு இல்லை என்று சொன்னேன். கட்டுரையில் குறிப்பிடப்படும் சந்திரமதி என் தம்பியின் மாமியார் ஆகப்போகிறார். இனி இந்தப் பக்கத்தை நான் தொடமாட்டேன். வேறு யாராவது பார்த்துக்கொள்ளவும்."

நெடுவழி பதில் போட்டிருக்கிறார். "பார்த்துக்கொள்கிறேன். மணமக்களுக்கு வாழ்த்துகள்." கண்டிப்பதற்கு இவ்வளவு நல்ல வாய்ப்புக் கிடைத்தும் கண்டிக்காமல் விட்டுவிட்டார்.

ஜூலை 12, புதன்

காலை ஆறரை மணிக்குக் கோயிலில் தாலி கட்டினான். எங்கள் பக்கத்தில் நானும் இவரும் லிங்கத்தின் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரும். பெண் பக்கம் சந்திரமதி மட்டும். அவருடைய அண்ணன் குடும்பம் வருவதாகச் சொல்லி, மாப்பிள்ளை வீட்டில் பெரியவர்கள் வரவில்லை என்று கேள்விப்பட்டதும் நின்றுவிட்டதாம். யாரோ எங்கேயோ எழுதிய ஒரு வரி, எத்தனை வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கமாட்டேன் என்கிறது.

பதிவு அலுவலகத்தில் பத்து மணிக்குத்தான் திறந்தார்கள். ஆவுடையப்பன் மாமா எதிர்த்த டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. அம்மா அனுப்பியிருப்பாள், யார் யார் வந்தார்கள் என்று பார்த்துச் சொல்ல.

எழுத்தர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். "சாட்சி மூணு பேரு. ரெண்டு பேரு மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சவங்களா இருக்காங்க. பொண்ணு வீட்டத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

சந்திரமதி தலைப்பை முன்னால் இழுத்தார்.

"நான் இருக்கேன்" என்றேன்.

"நீங்க மாப்பிள்ளைக்கு அக்கான்னுல்லா சொன்னாங்க?"

"அக்காதான். பொண்ணு வீட்டுக்குச் சாட்சி."

"பொண்ணு வீட்ட ஒங்களுக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியும். பொண்ணோட அம்மாகிட்ட நேர்லயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றேன். டீக்கடைக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன்.

எழுத்தர் பேனாவை நீட்டினார். கௌசிகா என் கையைப் பிடித்தாள். இடது கையைத்தான், வலது கை எழுத வேண்டுமே. முழுப் பெயர் எழுதினேன். தகப்பனார் பெயர், கணவர் பெயர், கதவு எண், தெரு, போன் நம்பர், கேட்டது எல்லாவற்றையும் தெளிவாக எழுதினேன். யாருக்காவது சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்கட்டும்.